புரட்டாசி முடிந்தால் முட்டை ஏறும்

இந்த ஊரில் கடன் கொடுப்பவர்கள் சிரிக்கிறார்கள். போலந்துக்கு வந்து இரண்டு வருஷம் தாண்டியும் எனக்கு இன்னும் பழகாதது பனியும் அல்ல, சாப்பாடும் அல்ல, இதுதான். முட்டைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸுக்காக நான் காலையில் நிற்கும் நிறுத்தத்தில், கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு ஒரு பெண்ணின் படம். பல் தெரியச் சிரிக்கிறாள். கையில் விசிறியாக விரித்த ஸ்வோத்தி நோட்டுகள். தலைக்கு மேலே பெரிய எழுத்தில் 'ஹ்விலூஃப்கா'. கால் மணி நேரத்தில் கையில் பணம், ஒரு மாதத்தில் திருப்பினால் போதும் என்று கீழே எழுதியிருக்கிறது. கணநேரக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் இந்தத் தொழில் செய்கிறவர் யாரும் போஸ்டர் ஒட்டி நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, புல்லட் வண்டி, கக்கத்தில் ஒரு கைப்பை, அவ்வளவுதான் அவர்களுடைய விளம்பரம். ஆனாலும் அந்தப் பெண்ணின் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைப்பைதான் ஞாபகம் வருகிறது. வேஷம்தான் வேறு, ஆளை எனக்குத் தெரியும்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று தெரிந்திருக்கலாம். தெரிந்தவர்கள் என்னைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். நாமக்கல்லுக்குத் தெற்கே ஐயாயிரம் முட்டைக்கோழி வைத்திருந்தவன் நான். லட்சக்கணக்கில் கோழி வளர்க்கிற ஊரில் ஐயாயிரத்தைப் பண்ணை என்று சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கேட் வாசலில் பெயர்ப்பலகைகூட வைத்தேன். அந்தத் தகரத்துக்கும் பெயிண்டுக்கும் ஆன செலவை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கோழி ஒரு பொல்லாத ஜீவன். விலை இறங்கிவிட்டது, இன்றைக்கு நீ சாப்பிடாதே என்று அதனிடம் சொல்ல முடியாது. விடிந்தால் மக்காச்சோளமும் சோயாவும் வேண்டும். புரட்டாசி வந்தால் சனம் பாதிக்கு மேல் முட்டையைத் தொடாது, விலை சறுக்கும். மாதம் முடிந்தால் ஏறும். இது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. அந்த வருஷம் தீவனக் கடைக்காரர் பழைய பாக்கியைத் தீர்த்தால்தான் மூட்டை ஏற்றுவேன் என்று சொல்லிவிட்டார். கோழிகளில் பாதியை அப்போதே கறிக்குத் தள்ளிவிட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பெயர்ப்பலகை வைத்தவன் தள்ளுவானா? பத்து நாள் சமாளித்தால் போதும், அப்புறம் ஐப்பசி, தீபாவளி, முட்டை தானாக ஏறும் என்று நினைத்தேன். மீட்டர் வட்டிக்கு விடும் ஒரு கைப்பைக்காரரிடம் போனேன்.

மூன்று லட்சம் கேட்டேன். முதல் பத்து நாள் வட்டி என்று முப்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார். பத்தாம் நாள் மூன்று லட்சமும் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த பத்து நாளுக்கு இன்னொரு முப்பதாயிரம், முதல் அப்படியே நிற்கும். ஆட்டோ மீட்டர் மாதிரி, வண்டி நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது ராசப்பன், என் தங்கை பூங்கொடியின் வீட்டுக்காரர். மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்க்கிறவர். ஆடுதான் அவருக்கு எல்லாம்.

நான் போனபோது பட்டியில் ஆடுகளுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனை நாளைக்குங்க மச்சான்?"

"பத்தே நாளுங்க மாப்ள. பொரட்டாசி முடிஞ்சா முட்டை ஏறிக்கும்."

"ஏறிக்குமுங்க," என்றார்.

முட்டை விலையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? என்னைத் தெரியும், அவ்வளவுதான். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பூங்கொடி உள்ளேயிருந்து, "அண்ணா, சாப்ட்டுட்டுப் போ" என்று குரல் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

புரட்டாசி முடிந்தது, முட்டை ஏறவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, லோடு போகவில்லை, ஏறிய ஐந்து பைசா பத்துப் பைசாவும் மறுநாளே இறங்கியது. நான்கு முறை முப்பதாயிரம் கட்டினேன். அதில் ஒன்றை போன் ஆப்பில் கிடைக்கும் ஏழு நாள் கடனில் வாங்கிக் கட்டினேன். அந்தக் கடனை ஏழாம் நாள் அடைக்க சுமதியின், அதாவது என் மனைவியின், வளையல் போனது. ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டிய பிறகும் நான் தரவேண்டியது அதே மூன்று லட்சம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கோழிகளைக் கறிக்கு அள்ளிக்கொடுத்தேன், அது தீவனக் கடைக்கும் கரண்டு பில்லுக்கும் சரியாகப் போனது. அதோடு இருக்கிற கொஞ்ச நிலத்தை அடமானம் வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டி போலந்து வந்துவிட்டேன். வேலைக்கு வந்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஓடி வந்தேன். ராசப்பனிடம் சொல்லவில்லை. துபாயில் விமானம் மாறும்போது மெசேஜ் அனுப்பினேன். மூன்று மாதத்தில் அனுப்பிவிடுகிறேன் மாப்பிள்ளை என்று.

கைப்பைக்காரர் மூன்று மாதம் பொறுப்பாரா? இரண்டு ஆட்கள் தினமும் காலையில் வண்டியில் போய் என் தங்கை வீட்டு வாசலில் உட்கார்ந்தார்களாம். அடிக்கவில்லை, திட்டவில்லை. "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்களாம். பதினோராம் நாள் ராசப்பன் பட்டியைத் திறந்து நாற்பத்திரண்டு ஆட்டையும் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார். அதில் ஒன்று, பையன் கவினுக்குக் காது குத்தும்போது குலசாமிக்கு வெட்ட என்று நேர்ந்துவிட்டிருந்த கிடாய். சாமிக்கு விட்ட கிடாயை விற்கக்கூடாது, விற்றால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது போனதால் காதுகுத்து நின்றது. ஒரு வயதில் குத்தவேண்டிய காது. போகிற இடமெல்லாம் "ஏம்புள்ள, பையனுக்கு இன்னம் காது குத்தலையா?" என்று பூங்கொடியைக் கேட்கிறார்களாம். என்ன சொல்வாள்? எங்கண்ணன் கோழிக்குத் தீனி வாங்கினான் என்றா? அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

இங்கே என் வேலை, விளக்குப் பெட்டிக்கு மேல் ஓடிவரும் முட்டைகளில் கீறல் விழுந்ததைப் பொறுக்குவது. எல்லாம் பழுப்பு முட்டை. ஒவ்வொன்றின் மேலும் எந்தப் பண்ணையில் இட்டது என்று எண் அச்சடித்திருக்கும். கீறலைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று மேற்பார்வையாளர் தோளில் தட்டுவார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். மாதாமாதம் ராசப்பனுக்கு அனுப்புகிறேன், இன்னும் பாதிதான் தீர்ந்திருக்கிறது.

போன கார்த்திகையில் அவரே கூப்பிட்டார்.

"மச்சான், தை மாசம் பையனுக்குக் காது குத்திரலாம்னு இருக்கறோமுங்க. கிடாய் ஒண்ணு வளத்தாச்சு. நீங்க வந்தீங்கன்னா மடியில உக்கார வெச்சுக்கலாம்."

"மாப்ள, பணம் இன்னும் பாதி..."

"அதை இப்ப யாருங்க கேட்டாங்க?"

அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவது முறை. அந்த மடி என்னுடையது. சும்மா போய் உட்கார முடியுமா? தங்கத்தில் தோடு வேண்டும், தட்டு வரிசை வேண்டும், பையனுக்குத் துணிமணி, அப்புறம் விமான டிக்கெட். கிடாயை விற்க வைத்தவன் வெறுங்கையோடு வந்து மடியை மட்டும் நீட்டினானாம் என்று பேசமாட்டார்களா? மறுநாள் காலை, பஸ் நிறுத்தத்தில் அந்தச் சிரிப்புக்காரியை முதன்முதலாக, போனில் தமிழாக்கி, முழுசாகப் படித்தேன். சாயங்காலம் கடைக்கே போய்விட்டேன். புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். அதே கணக்குதான். ஒரே ஒரு மாதம், ஓவர்டைம் பார்த்தால் அடைத்துவிடலாம். புரட்டாசி முடிந்தால் முட்டை ஏறும்.

கடைப் பெண்ணும் சிரித்தாள். ஒரு தாள் கொடுத்தாள். போனின் உதவியோடு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கடைசியில், உங்களை அறிந்த இன்னொருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் என்று ஒரு கட்டம்; அதை நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று தாளோடு வந்துவிட்டேன். எனக்கு இந்த நாட்டில் யாரைத் தெரியும்? என் பக்கத்தில் நின்று முட்டை அடுக்கும் பானி தனுத்தாவைத் தெரியும். பானி என்றால் அம்மா, மேடம் என்கிற மாதிரி மரியாதைச் சொல். ஐம்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு முந்தைய நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறவர். அவரோடு நான் பேசியது மொத்தம் இருபது வார்த்தை தேறாது.

மறுநாள் வேலையில் கேட்டேன். "பானி தனுத்தா, டெலிஃபோன்? நம்பர்?" அவர் என்னை உற்றுப் பார்த்தார். கையுறையைக் கழற்றி என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஏதோ கேட்டார், புரியவில்லை, தலையாட்டி வைத்தேன். அட்டைத் துண்டு ஒன்றில் பெரிய பெரிய எண்களாக எழுதினார். கீழே இன்னொரு எண். அடுத்த நாள் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய சூப் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, தன் போனில் என்னவோ பேசினார். போன் அதைத் தமிழாக்கி, உணர்ச்சியே இல்லாத குரலில் எனக்குச் சொன்னது: "தனியாக வசிப்பவருக்கு ஒரு எண் வேண்டும். இரண்டாவது எண் என் மகளுடையது. நோய் வந்தால் எந்த நேரமும் அழையுங்கள்."

நான் உடம்புக்கு முடியாமல் தவிக்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். ஜாடியை வைத்துக்கொண்டு நின்றேன். ஆட்டு மருந்து வாசத்தோடு ஒரு கை துண்டில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கியது கண்முன்னால் வந்தது. படித்துப் பார்க்காத இன்னொரு ஆள். நாளைக்கு இந்த அம்மாள் வீட்டு வாசலில் யார் போய் உட்காருவார்களோ? சே, நானும் ஒரு மனுஷனா என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தத் தாளைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. இதை என் நேர்மை என்று யாரும் எண்ண வேண்டாம். ஜாடி கனமாக இருந்தது, அவ்வளவுதான். என்னைப் போல் வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊருக்கு ஒருதரம் கௌரவமாகப் போய் நின்றால் போதும் என்று இப்படிக் கடன் வாங்கத் துடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வேண்டாம், சாமி. கட்டுகிறவர் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

ராசப்பனிடம் பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். "பணமில்லீங்க மாப்ள. கடன் வாங்கித்தான் வரோணும்" என்றேன். "கடன் வாங்கிட்டு மட்டும் வந்திராதீங்க மச்சான்" என்றார்.

தை மாதத்து முகூர்த்தம் அங்கே பத்தரை மணி, இங்கே காலை ஆறு. நான் பஸ் நிறுத்தத்தில் சிரிப்புக்காரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அங்கே போயிருந்த சுமதி காட்டிய வீடியோ காலில் பார்த்தேன். என் சித்தப்பா மகன் எனக்குப் பதிலாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பேண்ட் போட்டிருந்தான், ஆனால் மடிமேல் மடித்த வேட்டி ஒன்று விரித்திருந்தது. பச்சைக் கரை. எங்கேயோ பார்த்த கரையாக இருக்கிறதே என்று பார்த்தால், என் வேட்டி.

"இது எப்படி அங்க வந்துச்சு?" என்றேன்.

"உங்க தங்கச்சிதான் நேத்து போன் போட்டா. நங்கை, அண்ணன் வேட்டி ஒண்ணு கொண்டாங்கன்னா. எதுக்குன்னு கேட்டேன், சொல்லலீங்க," என்றாள் சுமதி. அண்ணியை நங்கை என்பது எங்கள் வழக்கம்.

பூங்கொடி படத்துக்குள் வந்தாள். குனிந்து அந்த வேட்டியின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். பையனைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தாள். போன் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. ஆசாரி ஊசியை எடுத்தார், பையன் வீறிட்டான், பஸ் வந்துவிட்டது. உள்ளே ஜன்னலோரம் இருந்த பானி தனுத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்து அழுதேன்.

மத்தியான இடைவேளையில் சுமதியைக் கூப்பிட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தேன். கறிச்சோறு நன்றாக இருந்ததாம், பையன் அழுகையை நிறுத்திவிட்டு விளையாடுகிறானாம்.

"வேட்டிய எடுத்துட்டு வந்துட்டியா?"

"கேட்டேனுங்க, தரமாட்டேனுட்டா. பையன் காது ரத்தம் ஒரு பொட்டு பட்டுருச்சு, தொவைச்சுப் பெட்டியில வெச்சுக்கறேங்கறா."

"எதுக்காம்?"

"அவன் வந்து வாங்கிக்கட்டும்னு சொல்லச் சொன்னா."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் தங்கை எனக்குச் சொல்லியனுப்பிய முதல் வார்த்தை அது. தலையில் வலைத்தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக நான் மறுபடி விளக்குப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். எங்கே இட்டது என்று எழுதி வைத்த முட்டைகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. மேச்சேரியில் என் வேட்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்திருக்கும்.