சுந்தரத்தின் புழு

கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டி பிடித்து வந்து, பழவேற்காடு ஏரிச் சேற்றில் முழங்கால் புதைய நிற்கிறேன். எனக்கு வேண்டியது ஒரு புழு. உடம்பின் இருபுறமும் முள்முள்ளாய் மயிர் முளைத்த கடற்புழு. அதுவும் சுந்தரத்துக்குக் கிடைக்காதது.

என்னோடு படித்த சுந்தரம் போன வருஷம் இதே சேற்றில் ஒன்றைப் பிடித்து, புது இனம் என்று பெயர் வைத்துவிட்டான். இனி யார் அந்தப் புழுவைப் பற்றி எழுதினாலும் அதன் பெயருக்குப் பின்னால் இவன் பெயரையும் எழுத வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

தூண்டிலுக்கு இரை தோண்டும் கன்னியம்மாவின் சட்டியில் இதோ என் புழு நெளிகிறது. பெரிய கண்கள், துடுப்புபோல அகன்ற கால்கள். நிச்சயமாகப் புது இனம்! வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

"இது இன்னா புதுசு? போன வருசம் உங்க சிநேகிதரு எடுத்துக்கினு போனாரே, அதே புழுதான் சார். முட்டை வுடுற காலத்துல இப்டி மாறிடும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெனம் தோண்டுறவளுக்குத் தெரியாதா? தோ பாருங்க, இந்த இன்னொண்ணு பாதிதான் மாறிக்கீது."

லென்ஸில் பார்க்கிறேன். முன்பாதி அப்படியே சுந்தரத்தின் புழு, பின்பாதி என்னுடையது. சில புழுக்கள் இப்படி உருமாறும் என்று வகுப்பில் எனக்கும் சொல்லித்தந்தார்கள். பொறாமையில் மறந்திருக்கிறேன்.

கன்னியம்மா அதைப் புட்டியில் போட்டுத் தருகிறாள். பென்சிலை எடுத்து, சீட்டில் புழுவின் பெயரை எழுதுகிறேன். பக்கத்தில் சுந்தரத்தின் பெயரையும் என் கையாலேயே எழுதுகிறேன், பென்சில் முனை எவ்வளவு சின்னதாக எழுதுமோ அவ்வளவு சின்னதாக.