முன்னால் வைத்த சுக்கான்

பாளையங்கோட்டையில் கடல் கிடையாது. இருந்தும் எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குக் 'கப்பல்காரர் வீடு' என்று பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர் என் அப்பா. ஆற்றில் குளிக்கப் போனால் முழங்காலளவுத் தண்ணீரில் உட்கார்ந்து செம்பால் மோந்து ஊற்றிக்கொள்கிற மனிதர் அவர். ஆனால் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்பதை டீக்கடையில் தொடங்கி ரேஷன் கடை வரிசை வரைக்கும் ஓர் இடம் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார். மச்சினனை அவ்வளவு மெச்சிய இன்னொருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மாமா கப்பலில் ஏறவே இல்லை. இது எனக்குத் தெரியவர அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். கப்பல் வேலை என்று ஆள் சேர்த்த ஏஜெண்ட் ஒருவன் அவரையும் இன்னும் நாலு பேரையும் மும்பையில் ஒரு லாட்ஜில் இறக்கிவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். ஊருக்குத் திரும்ப முகமில்லாமல், மாமா அங்கே நம் பக்கத்துக்காரர் நடத்திய ஹோட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பிறகு அடுப்படிக்கு உயர்ந்து, மூன்று வருஷம் பரோட்டா போட்டார். அம்மாவுக்கு மட்டும் இது தெரியும். மாமா போனில் நடுக்கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ 'நாலு பரோட்டா, ஒரு ஆம்லெட்' என்று கத்தியிருக்கிறார்கள். அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம். மாமாதான் அந்தப் பக்கம் அழுதாராம். அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம் கூட.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, லீவு என்று சொல்லிக்கொண்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு மாத லீவு மூன்று மாதமானது. கப்பல் எப்போது வருகிறது என்று அப்பா சாப்பாட்டு நேரத்தில் விசாரிக்கத் தொடங்கினார். கப்பல் இன்னும் துபாயில் நிற்பதாக மாமா சொல்வார். அம்மா எழுந்து போய் ரசம் எடுத்து வருவாள், இலையில் ரசம் இருக்கும்போதே.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வந்தது. நம் வட்டாரத்துக் கடல் வாணிகத்தைக் காட்டும் மாதிரி ஒன்று செய்து வரவேண்டும் என்று வரலாற்று டீச்சர் சொன்னார். வகுப்பில் நான் எழுந்து நின்று, என் மாமா கப்பலில் இருப்பவர், அவரே செய்து தருவார் என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மாமா வேலை செய்த இரும்புக் கப்பலையே செய்யலாம் என்று நான் கேட்டேன். அதெல்லாம் எல்லாரும் செய்வார்கள், நாம் பாண்டியர் காலத்துக் கொற்கைத் துறைமுகத்தைச் செய்வோம், முத்து ஏற்றிக்கொண்டு கப்பல் வெளிநாட்டுக்குப் புறப்படுகிற காட்சி என்றார் மாமா. என்ன அறிவு என்று அப்பா வியந்தார். அந்தக் கப்பலைப் பார்த்தவர் யாரும் இன்று உயிரோடு இல்லை என்பதுதான் மாமாவின் கணக்கு என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு சனிக்கிழமை என்னைக் கொற்கைக்கே கூட்டிப்போனார். ஏரல் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கிப் பார்த்தால் வாழைத்தோட்டம், ஒரு குளம், வன்னிமரம், குளக்கரையில் இரண்டு எருமைகள். கடல் எங்கே என்று வழியில் போன ஒருவரிடம் கேட்டோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அது கிழக்கே ரொம்ப தூரம் தள்ளிப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டதே என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவுக்கு முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கு இரண்டு கொய்யாப்பழம் வாங்கித் தந்தார்.

வேலை தொடங்கியது. காய்ந்த தென்னம்பாளைதான் கப்பலின் உடம்பு. இரண்டு முனையும் கூராக, கப்பலுக்கென்றே விளைந்தது போல இருந்தது. மூங்கில் குச்சி பாய்மரம், அப்பாவின் பழைய வேட்டி பாய். கடலுக்குத் தெர்மகோல் அட்டை வாங்கி, ஓர் ஓரத்தைக் கரைக்கு விட்டுவிட்டு மீதியில், கேட்டுக்கு அடித்து மிஞ்சியிருந்த நீலப் பெயிண்டைப் பூசினோம். அந்தப் பெயிண்ட் தெர்மகோலைத் தின்றுவிடும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. காலையில் பார்த்தால் கடல் முழுக்கக் குண்டும் குழியும். அலை தத்ரூபமாக வந்திருக்கிறது என்று சொல்லி அப்பா மாமாவின் முதுகில் தட்டினார்.

கப்பலைத் திருப்புகிற சுக்கானை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது மாமா சற்று யோசித்தார். பிறகு நீண்ட துடுப்பு ஒன்றைச் செதுக்கி, பிடிப்பதற்கு ஒரு களிமண் ஆளையும் செய்து, இரண்டையும் கப்பலின் முன்முனையில், கடலைப் பார்த்த பக்கம் பொருத்தினார். பஸ்ஸில் டிரைவர் முன்னால்தானே உட்காருகிறார்? பின்னால் உட்கார்ந்தால் போகிற வழி எப்படித் தெரியும்? அப்பாவும் அதையே சொன்னார். சுக்கானின் இடம் கப்பலின் பின்முனை என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் அடுப்படி! கப்பலின் நடுவில் தீப்பெட்டிகளால் ஓர் அறை செய்து, அதற்குள் மாமா வைத்த சாமான்களைப் பார்த்தால் இப்போதும் கண் விரியும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நாலு அண்டா, கரண்டிகள் தொங்கும் கம்பி, மாவு பிசைகிற மேடை, அடுப்பின்மேல் வட்டமாக ஒரு கல், புகை வெளியேற வழி. எல்லாம் களிமண்ணிலும் தகரத்திலும், என் விரல்நகத்தைவிடப் பெரிதில்லை. அதைச் செய்த இரண்டு நாளும் மாமா சீட்டியடித்துக்கொண்டே இருந்தார். வந்ததிலிருந்து அவர் அப்படி இருந்து நான் பார்க்கவில்லை.

கண்காட்சியன்று அப்பா அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அம்மா வரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசி நிமிஷத்தில் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பரிசுக்கு மாதிரிகளைப் பார்வையிட டீச்சர் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகிற தோணியில் நாற்பது வருஷம் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, இருந்தவர் என்று டீச்சர் சொன்னபோது மாமாவின் கை என் தோளிலிருந்து நழுவியது.

பெரியவர் எங்கள் மேசைக்கு வந்தார். அப்பா ஓரடி முன்னால் வந்து, “இவன் என் மச்சினன். மூணு வருசமா கப்பல்ல இருக்கான். உங்க ஆளுதான்” என்றார்.

பெரியவர் கப்பலைப் பார்த்தார். முன்முனையில் சுக்கானைப் பிடித்து நிற்கிற களிமண் ஆளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் சடையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள். பின்னலை அவள் இழுத்த இழுப்பில் எனக்கு வலித்தது.

பெரியவர் இரண்டு கையாலும் கப்பலை மெல்லத் தூக்கி, முன்னைப் பின்னாக அப்படியே திருப்பி வைத்தார். சுக்கான் இருந்த முனை இப்போது கரைப் பக்கம் வந்து, கப்பலின் பின்முனையாகிவிட்டது.

“தூக்கிட்டு வந்த அவசரத்துல மாத்தி வச்சிட்டிய போல தம்பி” என்றார். மாமா தலையை ஆட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முத்து ஏற்றிய கப்பல் கொற்கையை விட்டுப் புறப்படுகிறது என்று அட்டையில் நான் அழகாக எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்த மனிதர் அதைக் கரைக்குத் திரும்பி வருகிற கப்பலாக ஆக்கிவிட்டாரே என்று டீச்சரிடம் முறையிடப் போனேன். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் அதற்குள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். பாண்டியன் காலத்தில் பரோட்டாக் கல் உண்டா என்று கேட்டு முதல்முறையாகச் சிரித்தார். பிறகு தாழ்ந்த குரலில், “எத்தன பேருக்குப் பொங்கிப் போட்டிருக்கிய?” என்றார்.

“தெனமும் இருநூறு பேருக்கு” என்றார் மாமா. அதை மட்டும் அவர் நிமிர்ந்து சொன்னார்.

பெரியவர் மாமாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சற்றுநேரம் பேசினார். எங்களுக்கு இரண்டாம் பரிசு. எல்லாம் அவர் கப்பலைத் திருப்பி வைத்ததால் வந்த வினை என்று நான் வெகுநாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா விஷயத்தைச் சொன்னார். பெரியவரின் மகன் நடத்துகிற தோணிக்குச் சமைக்க ஆள் வேண்டுமாம், அடுத்த வாரமே மாலத்தீவுக்குப் புறப்படுகிறதாம். கப்பலில் இருந்தவன் போயும் போயும் தோணியில் சமைக்கப் போவதா என்று அப்பா குதித்தார். “இத்தன நாளும் அந்த வேலதான் பாத்தான். அதுல என்ன கொறச்சலு?” என்றாள் அம்மா. அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது குறைவு. கப்பலிலும் சமையல்தான் போலும் என்று எடுத்துக்கொண்ட அப்பா, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் டீக்கடையில் 'தலைமைச் சமையல் அதிகாரி' என்று ஆரம்பித்துவிட்டார்.

மாமா கிளம்பிய அன்று நாங்கள் மூவரும் பஸ் ஏற்றிவிடப் போனோம். தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு இடம் கிடைத்தது. பஸ் புறப்படுகிற நேரத்தில் அம்மா ஜன்னல் கம்பி வழியாக ஒரு சிறு துணிப்பையை உள்ளே திணித்தாள். உள்ளே எலுமிச்சம்பழங்கள்.

“ஏலே, தல சுத்துனா இத மோந்துக்கோ. வாந்தி வந்தாலும் பயப்படாத, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும். ஓரத்துல போயி நிக்காத” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதாள். மாமாவும் பையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல எல்லாவற்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் கடலில் கிடந்த மனிதருக்கு எலுமிச்சம்பழமாம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ் திருப்பம் தாண்டி மறைந்த பிறகும் நான் அம்மாவைக் கேலி செய்து சிரித்துக்கொண்டே நின்றேன்.