தெருவுக்கு அந்தப் பக்கம் ஓடும் டிரையர்

ஆமாண்ணன் என்றுதான் தெருவில் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். டி-ஷர்ட்டில் அச்சடிப்பது அவர் தொழில். முதுகு முழுக்கப் படம் வேண்டும் என்றாலும் ஆமா, நாளைக்கே வேண்டும் என்றாலும் ஆமா. வாய் ஆமா சொன்ன பிறகுதான் மூளைக்குச் செய்தி போகும் என்று அவர் மனைவியே சிரிப்பாள்.

பட்டறை இரண்டு சின்ன அறைகள். முன்னறையில் அவர் வலை கட்டிய அச்சுச் சட்டத்தைத் துணிமேல் இறக்கி, ரப்பர் கட்டையால் மையை ஒரே இழுப்பாக இழுப்பார். பின்னறையில் மனைவி அந்தச் சட்டையைச் சூடேற்றும் தட்டுக்கு அடியில் பிடித்து மையை வேகவைப்பாள். முகமெல்லாம் சிவந்து, புருவ முடி கருகியிருக்கும். இருவரும் நாள் முழுக்கக் கதவு வழியாக ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த மையில் ஒரு வில்லங்கம் உண்டு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும். ஒரு வாலிபால் அணிக்கு அடித்துக் கொடுத்த சட்டைகள் முதல் சலவையிலேயே எண்களை உதிர்த்துவிட்டன. அணியின் பயிற்சியாளர் அவற்றை மேஜைமேல் விரித்து வைத்தார்.   "எல்லாத்தையும் திரும்ப அடிச்சுத் தந்துடறேன்" என்று ஆமாண்ணன் முணுமுணுத்தார்.

பயிற்சியாளர் போனதும் மனைவி சூட்டுத் தட்டை அணைத்தாள். "என் கண்ணுக்கு வெந்த மாதிரிதாங்க தெரிஞ்சுது. இனிமே என்னால கண்ண நம்பி வேகவைக்க முடியாது. ஒரு டிரையர் வாங்குங்க."

டிரையர் என்றால் ஓடும் பெல்ட். ஈரச் சட்டையை இந்த முனையில் வைத்தால், சூடான கூண்டுக்குள் ஊர்ந்து போய், அந்த முனையில் வெந்து வெளியே வரும். பார்க்க மூவரும் போனார்கள். மூன்றாவது ஆள் மனைவியின் தம்பி. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் தானே வாங்கப்போவது போலப் பேசுகிறவன்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று மேஜைமேல் வைக்கும் குட்டி. கூண்டு சின்னது என்பதால் பெல்ட்டை மெதுவாக விட வேண்டும். மற்றது ஒரு ஆள் படுத்தால் இன்னொரு ஆளுக்கும் இடமிருக்கும் நீளம்.

"நமக்குச் சின்னது போதும். ரெண்டு பேர் வேலை பண்ற இடம்" என்றாள் மனைவி. ஆமாண்ணன் தலையாட்டினார்.

"என்னக்கா நீ! நாளைக்குப் பெரிய ஆர்டர் வந்தா சட்டையெல்லாம் வரிசைல நிக்கணுமா? மாமா, நீங்க சொல்லுங்க, பெரிசுதானே?"

அதற்கும் தலையாட்டினார். கடைக்காரருக்கு அந்தத் தலையாட்டல் போதுமாயிருந்தது.

"உங்க இடத்துல மூணு ஃபேஸ் லைன் இருக்கில்ல?" என்று பில் போடும்போது அவர் கேட்டார். அப்படி என்றால் என்ன என்று ஆமாண்ணனுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சமாக இருந்தது. "ஆமா" என்றார்.

மெஷின் வந்து இறங்கியது. கதவுக்குள் நுழையவில்லை. ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து உள்ளே தள்ளினார்கள். பிறகு வந்த எலெக்ட்ரீஷியன் சுவரிலிருந்த மீட்டரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியில் ஆமாண்ணனைப் பார்த்தார். "அண்ணே, இதுக்கு மூணு ஃபேஸ் கரண்ட் வேணும். இந்த லைன் தாங்காது."

கட்டடத்தின் சொந்தக்காரர் புது லைன் இழுக்க விடவில்லை. "சுவர உடைக்கணும்பாங்க, தரைய தோண்டணும்பாங்க. நடக்காது." கடைக்காரரிடம் போனால், "பிரிச்ச மெஷினைத் திருப்பி எடுக்கறதில்லைங்க" என்று தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். தம்பி போனையே எடுக்கவில்லை. ஆமாண்ணன் பட்டறைக்கு வந்து, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நின்றபடி அச்சடித்தார். அறையில் மிச்சமிருந்த இடம் அவ்வளவுதான்.  

எதிர்வரிசையில் அட்டைப்பெட்டி செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் கொட்டகையில் மூன்று ஃபேஸ் லைன் உண்டு. "பாவம், எத்தனை நாள் அதைக் கட்டிக்கிட்டு அழுவீங்க? என் கொட்டகையோட ஒரு ஓரத்துல போட்டு ஓட்டுங்க" என்றார். ஆமாண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷின் அதே ஜன்னல் வழியாக வெளியேறி, சாலையைக் கடந்து கொட்டகைக்குப் போனது.

ஆமாண்ணன் இந்தப் பக்கம் அச்சடித்து, ஈரச் சட்டையைப் பலகையில் கிடத்தி, சாலையைக் கடந்து எடுத்துப் போவார். அங்கே மனைவி பெல்ட்டில் வைப்பாள். மை நன்றாக வெந்தது. இழுத்தாலும் விரிசல் விடவில்லை. வாலிபால் சட்டைகள் சலவைக்குத் தாக்குப்பிடித்தன. லாரி கிளப்பிய புழுதி சில சட்டைகளில் ஒட்டியது, மழை சிலவற்றைக் கெடுத்தது. அதெல்லாம் பழகிப்போயிற்று. பேச்சு இல்லாத அறை மட்டும் அவருக்குப் பழகவில்லை.

அட்டைப்பெட்டிக்காரரின் மருமகன் கெட்டிக்காரன். கூட நின்று பார்த்தே பெல்ட்டின் வேகம், சூடு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். ஒரு நாள் அடுத்த தெரு அச்சுக்காரர் ஒருவர் தன் சட்டைகளோடு அங்கே நின்றார். பிறகு இன்னொருவர். பெட்டிக்காரரும் மருமகனும் கூலிக்கு வேகவைத்துக் கொடுக்கிறார்களாம்.

மனைவி நேராகவே கேட்டுவிட்டாள். "ஏங்க, இது எங்க மெஷின் இல்லையா?"

"யாரும்மா இல்லைன்னது?" என்றார் பெட்டிக்காரர், கொஞ்சமும் கோபப்படாமல். "மெஷின் உங்களோடதுதான். இடமும் லைனும் என்னோடது. வேணாம்னா எடுத்துட்டுப் போங்க, நான் தடுக்க மாட்டேன்."

எங்கே எடுத்துப் போவது? அவள் கணவனைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.  "இல்லைங்க... காலைல மட்டும் எங்களோடது முதல்ல போனா..." என்று ஒருவழியாக முடித்தார்.

"பாத்துக்கலாம்" என்றார் பெட்டிக்காரர்.

கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவசர வேலை, அவசர வேலை என்று காலையும் கைவிட்டுப் போனது. மருமகன் மனைவியிடம், "அக்கா, நீங்க அந்த முனைல நின்னு எல்லாச் சட்டையையும் எடுத்துப் போடுங்க, உங்களுக்கும் கூலி தர்றோம்" என்றான். மறுத்தால் தங்கள் சட்டைகள் இன்னும் பின்னால் போகும் என்று அவளுக்குத் தெரியும். நின்றாள்.

ஒரு மத்தியானம் ஆமாண்ணன் ஈரச் சட்டைப் பலகையோடு கொட்டகைக்குள் வந்தார். முன்னால் நான்கைந்து பேர். பழக்கதோஷத்தில் நேராகப் பெல்ட்டை நோக்கி நடந்தார். ஊருக்குப் புதிய அச்சுக்காரர் ஒருவர் அவர் தோளைத் தொட்டார்.

"அண்ணே, எல்லாரும் நிக்கறோம்ல. எனக்குப் பின்னாடி வாங்க."

ஆமாண்ணன் திரும்பி, அவருக்குப் பின்னால் போய் நின்றார். பலகை கனத்தது. மை தரையில் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பெல்ட்டின் அந்த முனையில் நின்ற மனைவி அதைப் பார்த்தாள். வெந்து வந்த யாருடைய சட்டையையோ எடுத்து, எழுத்து விரிசல் விடுகிறதா என்று இரு கையாலும் இழுத்துப் பார்க்கத் தொடங்கினாள்.