தலைமையாசிரியை வழியாக

பள்ளியில் அவளுக்குச் சாவிக்கொத்து என்று பெயர். தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்த ஆறு வருடத்தில் அவள் கையை விட்டு இறங்காத பொருள் அது ஒன்றுதான். அதற்கு முந்திய இருபது வருடம் கணக்கு டீச்சர். சாக்பீஸ் பிடித்த கை இப்போது பூட்டுத் திறக்கிறது, கையெழுத்துப் போடுகிறது.

அன்று காலையிலேயே இரண்டு ஆசிரியர்கள் லீவு. தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தது. மாணவி ஒருத்தியின் அப்பா வந்து, "ஆம்பள ஹெச்.எம். இருந்தப்ப இப்படியா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். கோபப்படவும் தெம்பு வேண்டியிருக்கிறதே. அவளிடம் அது இல்லை.

இந்தப் பொறுப்பு போதும், வகுப்புக்கே திருப்பி அனுப்புங்கள் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, முந்தின நாளே எழுத்தரிடம் கொடுத்திருந்தாள். "இனியாவது மனுஷியா இரு" என்றார் வீட்டுக்காரர். பல மாதத்துக்குப் பிறகு அந்த இரவுதான் சாப்பாடு ருசித்தது.

மதியம் எழுத்தர் அந்தக் கடிதத்தோடு வந்து நின்றார்.

"மேடம், இது உங்ககிட்டயேதான் வரணும். 'தலைமையாசிரியை வழியாக'ன்னு போட்டிருக்கீங்க. அப்ப நீங்கதான பரிந்துரை எழுதணும்?"

டீச்சராக இருந்த இருபது வருடமும் விடுப்புக்கும் மாறுதலுக்கும் எழுதிப் பழகிய வரி. கை தானாகப் போட்டுவிட்டது. எழுத்தர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"வேற எழுதிக் குடுங்க மேடம், இன்னைக்கே அனுப்பிடறேன்."

"இருங்க, படிக்கிறேன்."

யாரோ ஒரு டீச்சரின் கடிதம் போலப் படித்தாள். முழங்கால், தூக்கமின்மை, மனச்சோர்வு. ஒரு வரிகூடப் பொய்யில்லை. "பாவம், இந்தம்மா ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க" என்றாள்.

அவள் வருவதற்கு முன் இந்த நாற்காலி ஒன்றரை வருடம் காலியாகக் கிடந்தது. கழிவறைச் சாவி யாரிடம் என்று தெரியாமல் பெரிய வகுப்புப் பெண்கள் மதியத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை.

பேனாவை எடுத்து, விடுவிக்கக் கேட்டு வரும் எல்லாருக்கும் எழுதுவதையே ஓரத்தில் எழுதினாள்: 'காரணங்கள் உண்மையானவை. மாற்று ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை விடுவிக்க இயலாது.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினாள்.

எழுத்தர் படித்துப் பார்த்தார். இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கி நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொத்தில் அந்தச் சாவியைத் தேடினாள்.