முன்னமே கரைத்து வைத்த ஊசி

யாழ்ப்பாணத்தில் குண்டுகள் விழுந்த செல்லடிக் காலத்தில், எந்த நேரமும் ஓடுவதற்காக எங்கள் வீட்டுப் பை எப்போதும் கட்டியபடியே இருக்கும். எதையும் முன்கூட்டியே ஆயத்தமாக வைப்பது அப்படித்தான் பழகியது. கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்தும் அது போகவில்லை.

என் மகளுக்குச் சிறு வயதிலேயே நீரிழிவு. இன்சுலின் போட்டபின் இரத்தத்தில் சீனி அளவு மிகவும் இறங்கி மயங்கினால் போடுவதற்கென்று ஓர் அவசர மருந்து தந்திருந்தார்கள். குப்பியில் தூள், ஊசியில் தண்ணீர். அந்த நேரத்தில் என் கை நடுங்குமே என்று பயந்து, இரண்டையும் முன்னமே கரைத்து, ஊசியில் ஏற்றிப் பிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

ஒரு பின்னேரம், பனியில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை சோபாவில் சரிந்தாள். கூப்பிட்டேன், தட்டினேன், அசைவில்லை. ஓடிப்போய் ஊசியை எடுத்தால் மருந்து கூழாக இறுகிக் கிடந்தது. அழுத்த அழுத்த இறங்கவில்லை. பல் கிட்டியிருந்ததால் வாயில் சீனித்தண்ணீர் விடவும் வழியில்லை. செல்லடிக்குள் இருந்து தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நான் அழைத்து அம்புலன்ஸில் வந்தவர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகே கண் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ்த் தாதி கேட்டார்: "அக்கா, உந்த மருந்தை எப்ப கரைச்சனீங்கள்?"

"போன மாதம்."

"தண்ணியில கரைச்சால் இது பழுதாகத் தொடங்கிடும். கரைச்ச உடனை போட வேணும்."

இப்போது தூளும் தண்ணீரும் தனித்தனியாகவே இருக்கின்றன. திகதி முடிந்த மருந்துப் பெட்டிகளை எறியாமல் வைத்து, கை பழகுவதற்காகக் கரைத்துப் பார்க்கிறேன். கை இன்னமும் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கிக்கொண்டே கரைக்கப் பழகிவிட்டேன்.