லேடீஸ் டப்பாவுக்குக் கட்டிய கேந்தி

பூக் கட்டுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கூடையைக் கவிழ்த்தால், டிவியைப் பார்த்தபடியே நாலு முழம் கட்டிப் போட்டுவிடுவேன். அந்தத் திமிரில்தான் அன்றைக்கு ரயிலில், யாரும் கேட்காமலே, பூ நான் கொண்டுவருகிறேன் என்று வாயை விட்டேன்.

ஏன் விட்டேன் என்று சொல்ல என் முட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்யாணமாகி செம்பூருக்கு வந்ததிலிருந்து எனக்குக் கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் பில் போடும் வேலை. காலையில் பன்வேல் லோக்கல் செம்பூருக்கு வரும்போதே நிரம்பி வழியும். கடைசி ஸ்டேஷன் வி.டி. வரைக்கும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். முன்பெல்லாம் அதை நான் பொருட்படுத்தியதே இல்லை. வலது முட்டி வலிக்க ஆரம்பித்த பிறகு, குர்லா வருவதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

குர்லாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து ஒருநாள் சொல்லிவிட்டார். “ஏட்டி, முட்டு போனா திரும்ப வருமா? தீவாளியோட வேலைய விட்டுரு.”

அவர் அக்கறையில்தான் சொன்னார். எனக்குத்தான் பகீரென்றது. என் மேஜை, என் கம்ப்யூட்டர், பதினோரு மணி டீ, டீயோடு கிடைக்கும் ஊர்வம்பு, இதெல்லாம் இல்லாமல் பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் நான் என்ன ஆவேன் என்று நிஜமாகவே பயந்தேன். உட்கார ஒரு சீட் கிடைத்தால் போதும், வேலை தப்பித்துவிடும்.

சீட்டா, லேசில் கிடைக்கிற சமாச்சாரமா அது! உட்கார்ந்திருப்பவளிடம் எங்கே இறங்குவாய் என்று முதலில் கேட்டு வைப்பவளுக்குத்தான் அந்த இடம் என்பது லேடீஸ் டப்பாவின், அதாவது பெண்கள் பெட்டியின், சட்டம். ஜன்னலோரக் கும்பலிடம் அந்தச் சட்டமும் செல்லாது. நெருலிலும் வாஷியிலும் ஏறி வருஷக்கணக்காகச் சேர்ந்து போகிறவர்கள் அவர்கள். பாதி வழியில் எழுந்து தங்களில் ஒருத்திக்கு இடம் கொடுப்பார்கள். வெளியாள் மயங்கி விழுந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணாடி போட்ட ஒரு மராட்டிக்காரி அவர்களுக்குத் தலைவி. மனசுக்குள் நான் அவளுக்கு வாஷிக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அவளுக்குப் பக்கத்தில், சேலைக்கு ஃபால் தைத்துக்கொண்டே வரும் ஒருத்தி. தினமும் அவர்கள் முன்னால்தான் தொங்கிக்கொண்டு நிற்பேன். ஒரு சிரிப்புகூடக் கிடையாது. எனக்கு வயிறு எரியும்.

தசராவுக்கு முந்தின வேலை நாளில் இந்தக் கும்பல்கள் தங்கள் டப்பாவை அலங்கரிப்பார்கள். ஜன்னல் கம்பியில் தேவி படம் வைத்து, மேலே கைப்பிடிக் கம்பியில் மாவிலையும் ஜெண்டுப் பூவுமாகத் தோரணம் கட்டுவார்கள். ரயிலில் தீபம் கூடாது என்பதால் கைதட்டி ஆரத்தி பாடிப் பேடா கொடுப்பார்கள். அவர்களுடைய ஜெண்டுதான் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கேந்தி. துலுக்கச் சாமந்தி, செண்டுமல்லி என்றும் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் அதைத் தலையில் வைக்க மாட்டார்கள். பிணம் போகிற தெருவில் உதிர்த்துப் போடுகிற பூ என்று ஒரு முகச்சுளிப்பு வேறு. இந்த ஊரில் அதற்கு நடக்கிற ராஜமரியாதையே தனி. தசரா வந்துவிட்டால் வாசல்படி, டாக்சி, ஆட்டோ, என் வீட்டுக்காரருடைய லேத் வரைக்கும் எல்லாவற்றின் கழுத்திலும் அதுதான்.

வழக்கமாக தாதர் மார்க்கெட்டிலிருந்து பூ வாங்கி வருகிறவள் வேலை மாறிப் போய்விட்டாள், இந்தத் தடவை யார் கொண்டுவருவது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நான் நடுவில் புகுந்தேன். வீட்டிலேயே வளர்த்திருக்கிறேன், கட்டியே கொண்டுவருகிறேன் என்றேன். வாஷிக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “பக்கா?” என்று மட்டும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

வளர்த்திருக்கிறேன் என்றது பொய்யில்லை. போன தசராத் தோரணத்தைக் காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். காய்ந்த பூவைக் கசக்கினால் கறுப்பு ஊசி மாதிரி விதை உதிரும். மழை பிடித்ததும் எண்ணெய் டின்களில் தூவி, ஜன்னல் கிரில்லில் வரிசையாக வைத்தேன். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். நல்லா வளர்ற செடிய ஏன் கொல்லுதே என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். கிள்ளினால்தானே பக்கத்தில் கிளைக்கும்? அரிசி கழுவின தண்ணீரும் டீத்தூள் சக்கையும்தான் உரம். மார்க்கெட் பூவின் பருமன் வரவில்லை. சில செடிகள் ஒற்றை அடுக்காகவே பூத்தன. ஆனாலும் நவராத்திரிக்கு கிரில் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாக நிறைந்துவிட்டது. இது மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்த பூ, நம்ம பூவே இல்லை என்று மகள் போனைப் பார்த்துச் சொன்னாள். வந்தது வந்தாச்சு, இந்நேரம் ரேஷன் கார்டே வாங்கியிருக்கும் என்றேன்.

தாதர் மார்க்கெட்டில் கேந்தியைக் காம்பில்லாமல் கிலோக்கணக்கில் கொட்டி விற்பார்கள். நான் அலங்காரத்துக்கு முந்தின சாயங்காலம், மல்லிகைப் பழக்கத்தில் நீளக் காம்போடு பறித்தேன். மாதுங்கா கோயில் வாசல் பூக்காரியிடம் வாழைநார் வாங்கி நனைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நடுவில் மாவிலை என்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஊசியில் கோத்தால் சட்டென்று முடியும் என்றாள் மகள். ஊசி குத்தின பூவைச் சாமி ஏற்காது என்பது என் அம்மாவின் சட்டம். போடி, எனக்கே சொல்லித்தர்றியா என்று விரட்டிவிட்டேன்.

மறுநாள் செம்பூரில் ஏறியதும் தோரணத்தைக் கை மாற்றிக் கை மாற்றி உள்ளே வாங்கினார்கள். முடிச்சுகளைப் பார்த்து அதிசயப்பட்டார்கள். ஊசியே இல்லாமலா என்று ஃபால் தைப்பவள் கேட்டாள். கம்பியில் கட்டியதும் டப்பாவே சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

குர்லாவில் கூட்டம் அலைமோதி ஏறியது. ஏறியவர்களெல்லாம் அதே கம்பியைத்தானே பிடிக்க வேண்டும்? வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. முதல் பூ வாஷிக்காரியின் கண்ணாடி மேல் விழுந்தது. அடுத்தது யாருடைய டிபன் பையிலோ விழுந்தது. பிறகு பொலபொலவென்று எல்லார் தலையிலும் கொட்ட ஆரம்பித்தது. மல்லிகைக் காம்பு கம்பி மாதிரி, நாரைக் கடித்துக்கொள்ளும். கேந்திக் காம்பு நீர்க்காம்பு, தலைக்கனம் வேறு. முடிச்சு இறுக்கிய இடத்திலேயே ஒடிந்துவிட்டது. சுனாபட்டி தாண்டுவதற்குள் கம்பியில் நாரும் மாவிலையும்தான் மிச்சம். ஆரத்தி இன்னும் பாடவில்லை. செத்தேன் என்று நினைத்தேன். இந்த டப்பாவும் போச்சு, வேலையும் போச்சு.

வாஷிக்காரி மடியில் கிடந்த பூக்களைத் துப்பட்டாவில் அள்ளினாள். எல்லாரையும் பொறுக்கிக் கொடுக்கச் சொன்னாள். பூக்கள் ஒருத்தி கை மாற்றி ஒருத்தியாக வந்து சேர்ந்தன. ஃபால் தைப்பவள் ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்து என்னிடம் நீட்டினாள். நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஊசியோடு விழித்தேன்.

“அரே, கடே கடே கைஸே பிரோயேகி? பைட்!” என்றாள் வாஷிக்காரி. நின்றுகொண்டே எப்படிக் கோப்பாய், உட்கார் என்று சொல்லிவிட்டுத் தன் ஜன்னலோர சீட்டிலிருந்து எழுந்தேவிட்டாள்.

உட்கார்ந்தேன். ஆத்தா, மன்னிச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே முதல் பூவை நடுவில் குத்தினேன். பச்சை வாசனை விரலில் ஏறியது. முட்டி மடங்கி ஓய்ந்த சுகத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூ உதிர்ந்த வருத்தம் என்று நினைத்து ஃபால்காரி என் முதுகைத் தட்டினாள். வடாலா தாண்டி ஆரத்தி ஆரம்பித்தபோது தோரணம் மறுபடி கம்பியில் ஆடியது. நான் உட்கார்ந்தபடியே கைதட்டினேன்.

வி.டி.யில் இறங்கும்போது வாஷிக்காரி என் தோளைத் தொட்டாள். அவள் தலையில் ஒரு கேந்தி சிக்கியிருந்தது. எடுத்துவிடக் கை நீட்டினேன். இருக்கட்டும் என்றாள். “பர்ஸோங் ஸே, செம்பூர் ஆனே பர் தூ பைட்.” நாளைக்கு தசரா லீவு; நாளை மறுநாளிலிருந்து, செம்பூர் வந்தால் நீ உட்கார் என்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பட்டறைப் பூஜை முடித்துப் பொரி, கடலையோடு வந்தார். தீபாவளி நெருங்குகிறதே, ஆபீஸில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார்.

“சொல்லல. இன்னைக்கு உக்காந்துதான் போனேன்.”

“யாரு எடம் குடுத்தா?”

“யாரும் குடுக்கல. என் சீட்டு” என்றேன்.