சிறப்பு விருந்தினரின் கழுத்து

என் வீட்டுக்காரர் பாராகிளைடரில் பறப்பவர். துணிச் சிறகை மாட்டிக்கொண்டு மலை விளிம்பிலிருந்து சிரித்தபடி ஓடிக் குதிப்பார். ஸ்டூலில் ஏறி பல்பு மாற்றச் சொன்னால் மட்டும் தலைசுற்றல் வந்துவிடும். போன வருஷம் வாழவந்திப் பக்கம் நடந்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார். நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரிக்கு வழி தெரிந்த ஆள் ஒருத்தியாவது வேண்டுமே.

வழக்கமான விதி நல்ல விதிதான். எல்லைக்கோட்டை நூற்றைம்பது மீட்டர் உயரத்துக்குக் கீழே கடந்தால் புள்ளி கிடையாது. அந்த உயரம் கைவசம் இருந்தால், கடந்த பிறகு காற்றைப் பார்த்து, வட்டமடித்து, நிதானமாகக் காலூன்றலாம். ஆனால் அன்று காலை கமிட்டித் தலைவருக்கு ஞானம் பிறந்தது.

"ஏனுங்க, அவ்வளவு மேல போனா சீஃப் கெஸ்ட்டுக்குக் கழுத்து வலிக்குமுங்களே. மரத்துக்கு மேலாப்புல வந்தாப் போதுமுங்க. போட்டோவும் நல்லா வுழும்."

கோட்டுக்கு முன்னால் சில்வர் ஓக் வரிசை, கோட்டுக்கு அப்பால் பந்தல். பறந்து வந்தவர் காலை முறித்தாவது விருந்தினர் கழுத்தைக் காப்பதுதானே நம் பண்பாடு! எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார்.

மதியம் முதலில் வந்தவர் அவர்தான், அதுவும் தாழ்வாக. மரங்களைத் தாண்டினால் கோப்பை. தாண்டாவிட்டால் ஆஸ்பத்திரி. மைக்கிலோ "வாங்க, வாங்க" என்று கல்யாண வீட்டு உபசாரம். "வேண்டாம், திரும்பிருங்க" என்று முனகிக்கொண்டே நின்றேன். மரங்களுக்கு முன்பே திரும்பி, சாமை அறுத்த காட்டில் இறங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "கெலிக்கிற பந்தயத்தை வுட்டுட்டாரே" என்று உச்சுக்கொட்டினார்.

அடுத்து வந்தவர் விடவில்லை. கிளையை உரசிக் கோட்டைத் தாண்டிப் பந்தலோரம் விழுந்தார், கணுக்கால் முறிந்தது. ஸ்ட்ரெச்சரிலேயே வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். போட்டோ நன்றாகவே விழுந்தது.

இந்த வருஷம் கமிட்டிக்குப் பாதுகாப்பில் அக்கறை பொங்கி வழிகிறது. பந்தலைப் பின்னால் தள்ளிப் போடுகிறார்களாம். உயரம் மட்டும் அதே மர உயரம்தான். செய்தி வந்த அன்றே சிறகு மூட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"சாவி எங்க புள்ள?" என்றார்.

"ரெண்டு காலோட ஊட்டுக்கு வர்ற உயரத்தைக் கமிட்டில எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம் தர்றனுங்க."